மேலே வட்டு, அடியில் கோப்புறை

ஒரு நாள் காலை என் கணினி என்னை உள்ளே விடவில்லை. பாஸ்வேர்டு சரிதான். ஆனால் கொடுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, மறுபடி பாஸ்வேர்டு கேட்கும் இடத்துக்கே வந்து நின்றது. லினக்ஸ் பழகியவர்களுக்கு இதைப் பார்த்ததும் முதலில் வரும் சந்தேகம் ஒன்றுதான்: வட்டு நிரம்பியிருக்கும், டெஸ்க்டாப் தனக்குத் தேவையான சின்னக் கோப்புகளைக்கூட எழுத முடியாமல் திரும்பி வருகிறது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுத்துத் திரைக்குப் போனேன். அங்கே நுழைய முடிந்தது. வட்டு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளையைக் கொடுத்தேன். நூறு சதவீதம் என்றது.

சரி, எது இவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது? டியு கட்டளையால் ஒவ்வொரு கோப்புறையாகக் கூட்டிப் பார்த்தேன். மொத்தம் 176 ஜிபி வந்தது. என் உள்வட்டு 500 ஜிபி; டிஎஃப் கணக்கில் கோப்புகளுக்குக் கிடைப்பது அதில் ஏறக்குறைய 450. டிஎஃப் நிரம்பிவிட்டது என்கிறது, டியு பாதிகூட ஆகவில்லை என்கிறது. இரண்டும் இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் கேட்டுத்தான் பதில் சொல்கின்றன, இரண்டும் பொய் சொல்வதில்லை. இடையில் ஏறக்குறைய 270 ஜிபியைக் காணோம்.

இப்படி நேரும்போது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ஒன்று உண்டு. ஏதோ ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை நாம் அழித்திருப்போம். பெயர் போய்விடும், இடம் போகாது. கணினியை மறுபடி துவக்கினால் அது சரியாகிவிட வேண்டும். துவக்கிப் பார்த்தேன், ஆகவில்லை. அரை மணி நேரம் கழித்து, வேறு வழி தோன்றாமல், யூஎஸ்பியில் எப்போதும் செருகியிருக்கும் பேக்கப் வட்டை அன்மவுண்ட் செய்தேன், அதாவது அது ஒட்டியிருந்த கோப்புறையிலிருந்து இறக்கினேன். அது ஏறியிருந்த கோப்புறை இப்போது காலியாக இருக்க வேண்டும். பழக்கத்தில், உள்ளே இருப்பதைக் காட்டும் எல்எஸ் கட்டளையை அடித்தேன். காலியாக இல்லை. ஒன்பது கோப்புகள், ஒவ்வொன்றும் 30 ஜிபி, வாரத்துக்கு ஒன்றாகத் தேதி போட்டு வரிசையாக நின்றன.

நடந்தது புரிய நேரமாகவில்லை. ஒன்பது வாரத்துக்கு முன்பு மேசையை நகர்த்தியபோது அந்த வட்டின் கேபிளைப் பிடுங்கினேன்; திரும்பச் செருக மறந்துவிட்டேன். பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட் ஞாயிறுதோறும் ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனராக, ஓடும். அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பாதை மட்டும்தான். அந்தப் பாதையில் ஒரு கோப்புறை இருந்தது. எழுதச் சொன்னதை எழுதிவிட்டு, வெற்றி என்று பதிவேட்டில் குறித்துக்கொண்டது. இரண்டு நாளுக்கு முன்புதான் கேபிளைக் கவனித்து, செருகி, கணினியை மறுபடி துவக்கினேன். வட்டு அதே கோப்புறையின் மேல் ஏறி உட்கார்ந்து, அடியில் கிடந்த 270 ஜிபியை மறைத்துவிட்டது. முந்தின நாள் நான் வெட்டிக்கொண்டிருந்த காணொளி மிச்ச இடத்தையும் தின்றது.

எதுவும் அழியவில்லை. ஆனால் அந்த ஒன்பது வாரத்தில் உள்வட்டு ஒரு நாள் செத்திருந்தால், அதோடு அதன் நகலும் செத்திருக்கும். அந்த நகலுக்குள் பதினோரு ஆண்டுகளாக அம்மாவின் குரலை நான் பதிவு செய்து வைத்த கோப்புகள் இருக்கின்றன. அன்றைக்குப் பிறகுதான் யூஎஸ்பி வட்டை லினக்ஸில் அமைப்பதை நான் ஒழுங்காகப் படித்தேன். அதற்கு முன்பு எனக்குத் தெரிந்திருந்ததெல்லாம் செருகினால் வரும், இழுத்தால் போகும் என்பதுதான்.

யூனிக்ஸ் வழியில் வந்த இயங்குதளங்களில் சி, டி, ஈ என்று வட்டுக்கு ஓர் எழுத்துக் கிடையாது. இருப்பது ஒரே மரம், ஒரே வேர். எந்த வட்டைக் கொண்டுவந்தாலும் அதை அந்த மரத்தின் ஏதாவது ஒரு கிளையில் பொருத்த வேண்டும். மவுண்ட் என்பது அந்தப் பொருத்துதல்தான். 1971இல் வந்த யூனிக்ஸின் முதல் பதிப்பிலேயே மவுண்ட் கட்டளை இருந்தது. பொருத்தும் இடம் ஒரு சாதாரணக் கோப்புறை. வட்டு அதன் மேல் ஏறினால், வட்டின் உள்ளடக்கம் தெரியும். இறங்கினால், அந்தக் கோப்புறையின் சொந்த உள்ளடக்கம் தெரியும். பாதை இரண்டு நேரத்திலும் ஒன்றேதான். ஒரே முகவரியில் இரண்டு வீடு இருப்பது போல. எந்த நேரத்தில் எந்த வீடு என்று அங்கே எழுதப்போகும் நிரல் தானாகக் கேட்காது. நாம்தான் கேட்க வைக்க வேண்டும்.

செருகும்போது என்ன நடக்கிறது என்பதை ஒரு முறையாவது கண்ணால் பாருங்கள். கட்டளை அடிக்கும் டெர்மினலில், கர்னலின் சேதிகளைக் காட்டும் டிமெஸ்க் கட்டளையை டபிள்யூ என்ற ஆப்ஷனோடு ஓடவிட்டு, பென் டிரைவைச் செருகுங்கள். வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும். முதலில் புதிதாக ஒரு யூஎஸ்பி சாதனம் வந்திருக்கிறது என்று ஒரு வரி சொல்லும். அதிலேயே வேகமும் இருக்கும். ஹை-ஸ்பீடு என்றால் நொடிக்கு 480 மெகாபிட், 2000ஆம் ஆண்டின் யூஎஸ்பி 2.0. சூப்பர்ஸ்பீடு என்றால் 2008இல் வந்த யூஎஸ்பி 3.0, நொடிக்கு 5 ஜிகாபிட்டில் தொடங்குகிறது. யூஎஸ்பி 3 வட்டை வாங்கிச் செருகியும் ஹை-ஸ்பீடு என்றே வந்தால், வட்டைக் குறை சொல்லும் முன் கேபிளையும் துளையையும் மாற்றிப் பாருங்கள். மாதக்கணக்கில் மெதுவாக நகலெடுத்துக்கொண்டிருந்த ஒரு வட்டை நான் இந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் சரிசெய்தேன்.

அடுத்த வரிகளில் ஸ்கசி என்ற பழைய பெயர் வரும். யூஎஸ்பி வட்டுகள் அந்தக் கம்பி வழியே பேசுவது ஸ்கசி கட்டளைகளைத்தான். அதனால் கர்னல் அவற்றை ஸ்கசி வட்டாகவே நடத்துகிறது. எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களில் உள்ள எஸ்டி அங்கிருந்து வந்ததுதான். கடைசி எழுத்து கண்ணில் பட்ட வரிசை. முதலில் பட்டது ஏ, அடுத்தது பி. இன்றைக்கு எஸ்டிபியாக இருக்கும் வட்டு, நாளைக்கு இன்னொன்றை முன்னால் செருகியிருந்தால் எஸ்டிசி ஆகிவிடும். இந்தப் பெயரை நம்பி எந்த அமைப்பையும் எழுதிவைக்காதீர்கள். டிடி கட்டளையால் ஓர் இயங்குதளத்தின் நிறுவல் பிம்பத்தைப் பென் டிரைவில் எழுதும்போது இந்த ஓரெழுத்துதான் உங்களுக்கும் பேரிழப்புக்கும் நடுவில் நிற்கிறது. அந்தக் கட்டளை எதையும் திருப்பிக் கேட்காது, சொன்ன வட்டின் தலையிலிருந்து எழுத ஆரம்பித்துவிடும். எழுதும் முன், வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை அடித்து, அளவைப் பார்த்து, பென் டிரைவை இழுத்துவிட்டு மறுபடி அடித்து, எந்தப் பெயர் மறைகிறது என்று பார்ப்பது என் வழக்கம். பத்து நொடிதான் ஆகும்.

நம்ப வேண்டிய பெயர் யூயூஐடி. வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஏற்பாடான கோப்பு முறைமையை உருவாக்கும்போதே அதற்குள் எழுதப்படும் அடையாள எண் அது. எந்தத் துளையில் செருகினாலும், எந்த வரிசையில் வந்தாலும் மாறாது. எல்எஸ்பிஎல்கே கட்டளையோடு எஃப் ஆப்ஷனைச் சேர்த்தால் அது தெரியும். லினக்ஸில் வழக்கமான கோப்பு முறைமையான எக்ஸ்ட்4 என்றால் கோடுகளோடு சேர்த்து 36 எழுத்து நீளம். பென் டிரைவுகளில் பரவலான ஃபேட் என்றால் நடுவில் ஒரு கோடு போட்ட எட்டே எழுத்து. வட்டைப் பிரித்த ஒரு பகுதியை, அதாவது ஒரு பார்ட்டிஷனை, டிடி கொண்டு அப்படியே இன்னொரு வட்டுக்கு நகலெடுத்தால் இந்த எண்ணும் கூடவே போய்விடும், அப்புறம் இரண்டும் செருகியிருக்கும்போது எதை ஏற்றுவது என்று குழப்பம் வரும். நகலுக்குப் புது எண் கொடுத்துவிடுவது நல்லது.

யூனிக்ஸின் இன்னொரு கிளையான பிஎஸ்டி குடும்பத்துக்காரர்களுக்கு இதே கதை வேறு பெயர்களில். ஃப்ரீபிஎஸ்டியில் யூஎஸ்பி வட்டு டிஏ0 என்று வரும். ஓப்பன்பிஎஸ்டியில் ஃபேட் பார்ட்டிஷன் பெரும்பாலும் ஐ என்ற எழுத்தில் உட்கார்ந்திருக்கும், எஸ்டி1ஐ என்பது போல. ஆனால் ஏறுவதும் இறங்குவதும் அங்கேயும் இதேதான்.

டெஸ்க்டாப்பில் பென் டிரைவைச் செருகியதும் தானாகச் சாளரம் திறக்கிறதே, அதைச் செய்வது கர்னல் இல்லை. யுடெவ் என்ற நிரல் கர்னலிடமிருந்து சேதியை வாங்குகிறது, யுடிஸ்க்ஸ் என்ற சேவை உங்கள் பெயரில் ஒரு கோப்புறையை உண்டாக்கி அதில் ஏற்றுகிறது, இறக்கியதும் அந்தக் கோப்புறையையே எடுத்துவிடுகிறது. கைக்குக் கை மாறும் பென் டிரைவுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டாம். கோப்புறையே மறைந்துவிடுவதால் எனக்கு நேர்ந்தது அங்கே எளிதில் நேராது. எளிதில் என்றுதான் சொல்கிறேன். பாதை இல்லாவிட்டால் உண்டாக்கிக்கொள் என்று ஸ்கிரிப்டில் எழுதியிருந்தால், அது ரூட்டாகவும் ஓடினால், வட்டு இல்லாதபோது அது ஒரு போலிக் கோப்புறையை உண்டாக்கிவிடும். அடுத்த முறை வட்டைச் செருகும்போது அந்தப் பெயர் ஏற்கெனவே இருப்பதால், வட்டு அதே பெயரோடு 1 என்ற எண்ணை ஒட்டிக்கொண்டு பக்கத்தில் ஏறும். அந்த 1ஐ எங்காவது பார்த்தால் நின்று விசாரியுங்கள்.

எப்போதும் செருகியே இருக்கும் வட்டுக்கு, எதை எங்கே ஏற்றுவது என்று எழுதிவைக்கும் எஃப்எஸ்டேப் கோப்புதான் சரி. ஒரு வட்டுக்கு ஒரு வரி, ஆறு தகவல்: எந்த வட்டு, எந்தக் கோப்புறை, எந்தக் கோப்பு முறைமை, என்ன ஆப்ஷன்கள், கடைசியில் இரண்டு எண்கள். யூஎஸ்பி வட்டுக்கு அதில் நோஃபெயில் என்ற சொல் இல்லாமல் இருக்கவே கூடாது. அது இல்லாமல் வட்டையும் செருகாமல் துவக்கினால், துவக்கத்தை நடத்தும் சிஸ்டம்டி இயல்பாக 90 நொடி காத்திருந்துவிட்டு, உங்களை அவசர நிலைத் திரையில் நிறுத்திவிடும். வரியை எழுதியதும் துவக்கிப் பார்க்க வேண்டியதில்லை. மவுண்ட் கட்டளையை ஏ ஆப்ஷனோடு ஓட்டினால் எழுத்துப்பிழை இருந்தால் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

நோஃபெயில் என் வரியில் இருந்தது. அதனால்தான் ஒன்பது வாரம் கணினி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் துவங்கிக்கொண்டிருந்தது. தவறு அந்தச் சொல்லில் இல்லை. வட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று கணினியிடம் சொன்ன நான், அதே விஷயத்தை ஸ்கிரிப்டிடம் எப்படிக் கையாளச் சொல்வது என்று யோசிக்கவில்லை.

அடுத்தது யாருடைய கோப்பு என்ற கேள்வி. ஃபேட்32க்கும் எக்ஸ்ஃபேட்டுக்கும் உரிமையாளர் என்ற எண்ணமே கிடையாது. ஆகவே ஏற்றும் நேரத்தில் நாம் சொல்லும் ஆளுக்கே எல்லாம் சொந்தம். சொல்லாமல் ரூட்டாக ஏற்றினால் எல்லாம் ரூட்டுக்குப் போய், நீங்கள் ஒரு கோப்பைக்கூட வைக்க முடியாது. எஃப்எஸ்டேப் வரியில் யூஐடி (பயனர் எண்), ஜிஐடி (குழு எண்) இரண்டுக்கும் உங்கள் எண்ணைக் கொடுத்தால் தீர்ந்தது. எக்ஸ்ட்4 அப்படியில்லை. அது உரிமையாளரை வட்டிலேயே எழுதிவைக்கும், ஆனால் பெயராக அல்ல, எண்ணாக. உங்கள் கணினியில் 1000 என்பது நீங்கள். இன்னொரு கணினியில் 1000 வேறொருவராக இருக்கலாம், அங்கே உங்கள் கோப்புகள் அவருடையதாகத் தெரியும். யூசர் என்ற ஆப்ஷனைப் போட்டு யார் வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று விட்டால், அதோடு, வட்டிலுள்ள நிரல்களை நேரடியாக ஓடவிடாத நோஎக்ஸெக்கும் சேர்ந்தே வரும். வட்டில் உள்ள ஸ்கிரிப்ட் ஓடாமல் அனுமதி இல்லை என்று சொல்வதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

எந்தக் கோப்பு முறைமை என்று கேட்பவர்களுக்கு என் பதில் குட்டையானது. லினக்ஸ் கணினியோடு மட்டும் இருக்கப்போகும் பேக்கப் வட்டு என்றால் எக்ஸ்ட்4. நாலு விதமான கணினிகளுக்குப் போய்வர வேண்டிய பென் டிரைவ் என்றால் எக்ஸ்ஃபேட். ஃபேட்32இல் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. எக்ஸ்ஃபேட்டின் விவரக்குறிப்பை மைக்ரோசாஃப்ட் 2019இல் வெளியிட்டது. 2020இல் வந்த கர்னல் 5.7இலிருந்து சாம்சங் எழுதிய நல்ல டிரைவர் உள்ளேயே இருக்கிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டியிருந்த காலம் போய்விட்டது.

இழுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். என் தங்கை ஒரு முறை தொலைபேசியில் அழைத்தாள். 3 ஜிபி காணொளி ஒன்றைப் பென் டிரைவில் போட்டு எடுத்துப்போயிருக்கிறாள், அங்கே திறந்தால் பாதிக்கு மேல் ஓடவில்லை.

"அண்ணா, காப்பி முடிஞ்சிருச்சுன்னுதான் காட்டுச்சு. பத்தே நொடியில முடிஞ்சுது."

"அந்தப் பத்து நொடிதாம்மா சந்தேகம். அந்த டிரைவ் அவ்வளவு வேகமா எழுதாது."

நகலெடுக்கும்போது திரையில் ஓடும் பட்டை முடிவது, தகவல் ரேமுக்குள் போய்ச் சேர்ந்ததைத்தான் காட்டுகிறது. லினக்ஸ் எழுத வேண்டியதை முதலில் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு, நிரலை அடுத்த வேலைக்கு அனுப்பிவிடும். பின்னணியில் கர்னல் அதை வட்டுக்கு இறக்கிக்கொண்டிருக்கும். இயல்பான அமைப்பில் எழுதக் காத்திருக்கும் தகவல் பயன்படுத்தக்கூடிய நினைவகத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டும்போதோ, அல்லது 30 நொடி பழையதாகும்போதோ இறக்கும் வேலை தொடங்கும். 16 ஜிபி ரேம் இருக்கும் கணினியில் ஒரு ஜிபிக்கு மேலேயே இப்படிக் காத்துக் கிடக்கலாம். நல்ல ரேம், மெதுவான பென் டிரைவ், இரண்டும் சேர்ந்தால் பட்டை காட்டுவதற்கும் உண்மைக்கும் நிமிடக்கணக்கில் இடைவெளி விழும்.

அதனால்தான் வெளியேற்று என்ற பொத்தானை அழுத்தியபின் அது சில நேரம் முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது தொங்கிவிடவில்லை, மிச்சத்தை எழுதிக்கொண்டிருக்கிறது. டெர்மினலில் யூமவுண்ட் கட்டளையும் அப்படித்தான், எழுதி முடிக்காமல் திரும்பாது. ஏற்றியபடியே எழுதி முடிக்க வைக்க வேண்டுமென்றால் சிங்க் போதும். சில நேரம் இலக்கு வேலையாக இருக்கிறது என்று சொல்லி யூமவுண்ட் மறுக்கும். யாரோ அந்தக் கோப்புறைக்குள் நிற்கிறார்கள் என்று பொருள். என் அனுபவத்தில் பத்தில் ஒன்பது முறை அது நான் திறந்து மறந்த இன்னொரு டெர்மினல்தான். எல்எஸ்ஓஎஃப் கட்டளையிடம் அந்தப் பாதையைக் கொடுத்தால் யார் என்று காட்டிவிடும். சுழலும் வட்டு என்றால் இறக்கியபின் யுடிஸ்க்ஸ்சிடிஎல் கட்டளையின் பவர்-ஆஃப் கொடுத்து, அதன் சத்தம் அடங்கியபின் கேபிளைத் தொடுவேன்.

சரி, அந்த ஒன்பது கோப்புகளுக்கு வருகிறேன். அவற்றை வேறிடத்தில் ஏற்றிய வட்டுக்கு நகர்த்தி, சரிபார்த்து, அடியில் இருந்த கோப்புறையைக் காலி செய்தேன். பிறகு மூன்று மாற்றம் செய்தேன்.

ஸ்கிரிப்டின் முதல் வேலை இப்போது மவுண்ட்பாயிண்ட் என்ற சிறிய கட்டளையை ஓட்டுவது. கொடுத்த கோப்புறையின் மேல் ஏதாவது ஏறியிருக்கிறதா என்று மட்டும் அது சொல்லும். இல்லை என்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்று எனக்கு அஞ்சல் அனுப்பிவிடும். ஆனால் ஏதாவது ஏறியிருப்பது போதாது, சரியான வட்டே ஏறியிருக்க வேண்டும். ஆகவே வட்டின் உள்ளே ஓர் அடையாளக் கோப்பை வைத்து, அது இருக்கிறதா என்றும் பார்க்கிறேன். எதிர்த்திசையில் நகலெடுப்பவர்கள், அதாவது யூஎஸ்பி வட்டிலிருந்து உள்வட்டுக்கு ஆர்சிங்க் கொண்டு ஒத்திசைப்பவர்கள், இதை விடவே கூடாது. வட்டு ஏறாதபோது மூலக் கோப்புறை காலியாகத் தெரியும்; டெலீட் ஆப்ஷனும் சேர்ந்திருந்தால் ஆர்சிங்க் உங்கள் நகலையும் அதேபோலக் காலியாக்கிவிடும்.

இரண்டாவது, எஃப்எஸ்டேப் வரியில் சிஸ்டம்டியின் ஆட்டோமவுண்ட் ஆப்ஷனைச் சேர்த்தேன். யாராவது அந்தப் பாதையைத் தொடும்போதுதான் வட்டு ஏறும். வட்டு இல்லாவிட்டால், தொட்டவருக்கு அடியில் உள்ள கோப்புறை கிடைக்காது, பிழைச்செய்திதான் கிடைக்கும். காத்திருக்கும் நேரத்தையும் பத்து நொடியாகக் குறைத்துவிட்டேன்.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. வட்டை இறக்கிவிட்டு, ஆட்டோமவுண்டையும் நிறுத்தி, காலியான அந்த அடிக் கோப்புறையின் மேல் சிஎச்அட்டர் கட்டளையால் ஐ என்ற குறியை வைத்தேன். அந்தக் குறி இருக்கும்வரை ரூட்டாலும் அதற்குள் ஒரு கோப்பைப் படைக்க முடியாது. வட்டு ஏறும்போது இந்தத் தடை குறுக்கே வராது, ஏனென்றால் அப்போது தெரிவது வட்டின் சொந்த வேர்க் கோப்புறை. இறங்கியதும் அடியில் இருப்பது பூட்டிய வெற்றிடம். எழுத வருபவர் யாராக இருந்தாலும் திரும்பித்தான் போக வேண்டும்.

அமைத்த அன்றே சோதித்தேன். வட்டை முறையாக இறக்கி, கேபிளைக் கழற்றி, ஆட்டோமவுண்ட் நிறுத்தியே இருக்க, ஸ்கிரிப்டில் நான் சேர்த்த சோதனைகளையும் தற்காலிகமாக எடுத்துவிட்டு, ரூட்டாக ஓட்டினேன். கதவில் அந்த ஒரு பூட்டு மட்டும்தான் இருந்தது. ஒரு நொடிகூட ஆகவில்லை, செயலுக்கு அனுமதி இல்லை என்ற வரியோடு ஸ்கிரிப்ட் நின்றது. சோதனைகளைத் திரும்பச் சேர்த்து, ஆட்டோமவுண்டைத் துவக்கி, கேபிளைச் செருகி மறுபடி ஓட்டினேன். 30 ஜிபி எழுத நாற்பது நிமிடம் ஆனது. முடிந்ததும் வட்டிலிருந்து அம்மாவின் ஒரு பதிவைப் பிரித்தெடுத்து, கடைசி வரை கேட்டேன்.